நெசவாளியின் மகனும் மணல் நிலமும்

ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையில் சென் அன்ட்ரூஸ் என்றொரு சிறு பட்டினம். மீன்பிடியும் கைத்தறியும் அங்கே பலருக்குப் பிழைப்பு. 1821ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் திகதி அங்கே ஒரு நெசவாளியின் வீட்டில் தொம் மொறிஸ் பிறந்தார். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, விதைத்தால் எதுவும் தேறாத மணல்மேடுகள் அந்த ஊருக்கு இருந்தன. ஆடும் முயலும் மேய்ந்து கட்டையாகிப்போன புல்லில் ஊரார் காலங்காலமாகப் பந்தடித்து வந்தார்கள். தகப்பனின் தறியில் உட்காராமல் அந்த மணலுக்குப் போன மொறிஸ், உலகின் முதல் பெரும் தொழில்முறை கோல்ப் வீரர்களில் ஒருவரானார். கோல்ப் செல்வந்தர் விளையாட்டு என்று நம்மவர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அதை ஆடிச் சீவித்தவனின் வரலாறு வேறு. ஆட்டம் துரைமாருடையதாக இருந்த இடங்களிலும் தொழில் பெரும்பாலும் வேலைக்காரனுடையதாகவே இருந்தது. கடல் ஒரு பக்கம், வயல் மறுபக்கம், நடுவே மணல், மணலில் தறிச்சத்தம் என்று வாழ்ந்து வந்த கிழக்கிலங்கையின் கல்முனை, மருதமுனைக் கரைக்கு இந்த வரலாறு தூரத்துக் கதையாகத் தோன்றலாம். ஒரு விளையாட்டு எந்த நிபந்தனைகளில் ஓர் ஊரின் பிள்ளைக்குத் தொழிலாகிறது என்ற கேள்வியோடு படித்தால் அந்தத் தூரம் குறைந்துவிடும்.

மொறிஸ் பிழைப்புக்காகச் சேர்ந்த இடம் அலன் றொபர்ட்சனின் பந்துப் பட்டறை. அன்றைய கோல்ப் பந்து தோலால் தைத்த சிறு உறை. அவித்த இறகுகளை ஒரு தொப்பி நிறைய எடுத்து, இரும்புக் கோலால் குத்திக் குத்தி அந்த உறைக்குள் அடைக்க வேண்டும். நல்ல கைகாரன் ஒருவனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் முடிக்க இயலாது. பந்தின் விலை ஏறியிருந்ததற்கும் ஏழைகள் பழைய பந்தைப் பொறுக்கி ஆடியதற்கும் காரணம் இதுதான். 1848ஐ ஒட்டி மலாய்த் தீவுகளின் மரப்பாலில் இருந்து செய்த கட்டாபெர்ச்சாப் பந்து வந்தது. அது மலிவு, நீடித்து உழைத்தது. தன் தொழிலுக்கு உலை வைக்க வந்த சாமான் என்று றொபர்ட்சன் அதை வெறுத்தார். மொறிஸ் அதைக் கையில் எடுத்தார். குருவும் சீடனும் பிரிந்தார்கள். 1851இல் மொறிஸ் மேற்குக் கரையில் பிறஸ்ட்விக் கழகத்தின் மைதானக் காவலராகப் போனார். புல் வெட்டுவது, குழி தோண்டுவது, மட்டையும் பந்தும் செய்து விற்பது, கனவான்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, அவர்களோடு சோடி சேர்ந்து ஆடுவது, தேவைப்பட்டால் அவர்களின் மட்டைப்பையைச் சுமப்பது எல்லாம் அந்த ஒரு வேலைக்குள் அடங்கின. தொழில்முறை வீரன் என்ற மனிதன் பிறந்தது இந்தக் கலவையில்தான். அவன் முதலில் ஒரு கைத்தொழிலாளி. ஆடுவது அவன் கைத்தொழிலின் ஒரு கிளை.

1860 ஒக்டோபர் 17ஆம் திகதி அதே பிறஸ்ட்விக்கில் எட்டுப் பேர் ஆடிய போட்டிதான் இன்று உலகம் பார்க்கும் ‘ஓப்பன்’ போட்டியின் தொடக்கம். எட்டுப் பேரும் தொழிலாளிகள். பன்னிரண்டு குழி மைதானத்தை மூன்று தடவை சுற்றியபின் வில்லி பார்க் வென்றார். பந்தை இரண்டு தடவை கூடுதலாக அடித்த மொறிஸ் இரண்டாமவர். வென்றவருக்கு ஒரு தோல் இடுப்புப்பட்டி கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. 1864இல்தான் வெற்றியாளருக்கு ஆறு பவுண் கொடுத்தார்கள். மொறிஸ் 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை வென்றார். 1867இல் அவருக்கு வயது 46. அந்தப் போட்டியில் அதைவிட மூத்த வெற்றியாளர் இன்றுவரை இல்லை. மகன் இளைய தொம் 1868 தொடங்கி தொடர்ந்து மூன்று தடவை வென்று பட்டியைத் தனதாக்கிக்கொண்டார். 1872இல் மீண்டும் வென்றார். 1875இல் 24 வயதில் இறந்துபோனார். வீட்டில் இத்தனை பட்டங்கள் இருந்தும் தகப்பனுக்குச் சோறு போட்டது மைதானச் சம்பளமும் பட்டறையும்தான். 1860களின் நடுவில் பிறந்த ஊருக்குத் திரும்பி அந்த மைதானத்தைப் பராமரித்தார். புல்லின் மேல் மணல் தூவினால் அது செழிக்கும் என்று கண்டு அதை ஒரு முறையாக்கினார். பல ஊர்களுக்குப் போய் மைதானங்களை வகுத்துக் கொடுத்தார். 1908இல் இறக்கும்வரை அவருடைய வாழ்வு, நிலத்தை அறிந்த ஒரு வேலையாளின் வாழ்வாகவே இருந்தது.

இங்கேதான் என் வாதத்தின் முதற்கால் ஊன்றியிருக்கிறது. நம் பக்கத்து வயற்செய்கையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க நேரம் எடுக்காது. வயல் போடியாருடையது, எந்த வரம்பில் நண்டு துளைக்கும், எந்த மூலையில் தண்ணி தேங்கும் என்று அறிந்தவர் அதில் வேலை பார்க்கும் முல்லைக்காரர். கோல்ப் மைதானத்தில் அந்த அறிவு கெடியிடம் இருந்தது. கெடி என்பவன் துரையின் மட்டைப்பையைச் சுமந்து கூட நடப்பவன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இத்தனை அடி தூரத்துக்கு எந்த மட்டை என்று ஒரு நாளில் நூறு தடவை கணிப்பது அவன் வேலை. பயிற்சியாளருக்குக் காசு கொடுத்துக் கற்க வேண்டியதை அவன் கூலி வாங்கிக்கொண்டு கற்றான். இங்கிலாந்தில் 1901இல் தொழில்முறை வீரர்களின் சங்கத்தை உருவாக்க முன்னின்ற ஜே. எச். டெய்லர் கெடியாகத் தொடங்கியவர். ஆறு முறை ஓப்பன் வென்ற ஹரி வார்டன் ஜேர்சித் தீவில் ஒரு தோட்டக்காரரின் மகன். ஊர்ப் பொதுத்தரையில் மைதானம் அமைத்தபோதுதான் அவருக்கு ஆட்டம் அறிமுகமானது. மைதானம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததே இந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்.

தெற்காசியாவில் இந்தச் சாட்சி இன்னும் பலமாக நிற்கிறது. கல்கத்தாவில் 1829இலும் பம்பாயில் 1842இலும் கழகங்கள் எழுந்தன. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே கோல்ப் வேரூன்றிய மிகப் பழைய இடம் கல்கத்தாதான். 1964இல் இந்தியன் ஓப்பன் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர். டெல்லி கோல்ப் கழகத்தில் கெடியாக இருந்தவர். 1991இல் வென்றார், 1993இல் மறுபடியும் வென்றார். 2008இல் டெல்லியில் ஐரோப்பியச் சுற்றின் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற எஸ். எஸ். பி. சௌரசியா, ரோயல் கல்கத்தா மைதானத்தில் புற்றரை பராமரித்தவரின் மகன். 2016, 2017 ஆண்டுகளின் இந்தியன் ஓப்பனும் அவருக்கே. 2009இல் அதே பட்டத்தை வென்ற சின்னசுவாமி முனியப்பா பெங்களூரில் கெடியாக வேலை பார்த்தவர். பங்களாதேசில் சித்திகுர் ரஹ்மான், டாக்காவின் குர்மிதோலா மைதானத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கினார். 2010இல் புருணை ஓப்பனையும் 2013இல் இந்தியன் ஓப்பனையும் வென்றார். 112 ஆண்டுகளுக்குப் பின் கோல்ப் ஒலிம்பிக்குக்குத் திரும்பிய 2016 ரியோ போட்டிக்குத் தன் ஆட்டத் தரத்தாலேயே தெரிவானார். அப்படித் தெரிவான முதல் பங்களாதேசியர் அவர். தொடக்க விழாவில் தன் நாட்டுக் கொடியை ஏந்தி நடந்ததும் அவரே.

இலங்கையின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. கொழும்புக் கழகம் 1879இல் காலிமுகத் திடலில் தொடங்கி, 1896இல் ஆளுநர் வெஸ்ட் றிட்ஜ்வேயின் பேரைத் தாங்கிய பொரளை மைதானத்துக்கு மாறியது. 1928இல் ‘ரோயல்’ பட்டம் பெற்றது. நுவரெலியாக் கழகம் 1889இல் எழுந்தது. உலகின் மிகப் பழைய தேசியப் போட்டிகளில் ஒன்றான இலங்கை அமெச்சூர் சம்பியன்ஷிப் 1891இல் ஆரம்பமானது. நெடுங்காலம் அதில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரும் வணிக நிறுவனத்தாரும் ஆடினார்கள். பை தூக்கியவர்கள் பொரளைச் சேரிகளின் பிள்ளைகளும் மலையகத்தின் பிள்ளைகளும். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பை தூக்கிய கூட்டத்தில் இருந்துதான் நாட்டின் பேர் சொன்ன ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கெடியாக இருந்த நந்தசேன பெரேரா தொழில்முறை வீரரானார். அவர் மகன் மிதுன் பெரேரா ஆசியச் சுற்றுவரை போனார். 2002இல் பூசானில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் அனுர ரோஹண வெள்ளிப் பதக்கம் பெற்றார். இந்தியத் தொழில்முறைச் சுற்றின் பட்டியல்களில் இலங்கைக் கொடிக்கு நேரே என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற தமிழ்ப் பேர்களும் வருகின்றன. சில மைதானங்களே உள்ள சின்ன நாட்டில் இவ்வளவும் நடந்திருக்கிறது என்றால், மைதானத்தின் பக்கத்தில் வளர்வது எவ்வளவு பெரிய மூலதனம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் இந்தத் தொழிலில் பேர் வாங்கியிருக்கிறார்களே என்பது. உண்மைதான். ஜீவ் மில்கா சிங், புகழ்பெற்ற ஓட்டவீரர் மில்கா சிங்கின் மகன். ஜோதி ரந்தாவாவும் அனிர்பன் லாஹிரியும் இராணுவ அதிகாரிகளின் வீட்டுப் பிள்ளைகள். 2010இல் அமெரிக்கச் சுற்றில் வென்ற முதல் இந்தியரான அர்ஜுன் அத்வால் வசதியான குடும்பத்தவர். ஆனால் இந்த உதாரணங்கள் என் வாதத்தைத் தள்ளிவிடவில்லை, வேறு வழியால் வந்து அதையே தாங்குகின்றன. இந்தியப் படைமுகாம்கள் பலவற்றில் கோல்ப் மைதானம் உண்டு. அதிகாரியின் பிள்ளைக்கு அது வீட்டு முற்றத்துக்கு நிகர். கெடியின் பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் சம்பளத்துக்குப் போனான், அதிகாரியின் பிள்ளை உரிமையோடு போனான். இருவருக்கும் மைதானம் கிட்டத்தில் இருந்தது. ஒருவருடைய பிறவித் திறமைதான் எல்லாம் என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில். திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது. ஆனால் தொழில்முறை வீரர்கள் டெல்லி, கல்கத்தா, பெங்களூர், டாக்கா, கொழும்பு, நுவரெலியா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மைதானங்களைச் சுற்றியே கொத்தாக எழுந்தார்கள். திறமை மட்டும் போதுமென்றால் இந்தக் கொத்துக்கு விளக்கமில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஓர் அலி ஷேர் மேலே வந்தார் என்றால் ஆயிரம் கெடிகள் பை தூக்கியே முதுகு வளைந்து போனார்கள். அந்த ஒருவரைக் காட்டிக் கழகங்களுக்கு நன்றி சொல்வது அநியாயம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கழகங்கள் எந்தக் கெடியையும் வீரனாக்க நினைத்து வேலைக்கு எடுக்கவில்லை. வென்ற தொழிலாளிக்கும் உள்ளே நாற்காலி கொடுக்காத காலம் மிக நீண்டது. அமெரிக்காவில் 1920இல் ஒஹாயோ மாநிலத்தின் இன்வெர்னஸ் கழகம்தான் தேசியப் போட்டிக்கு வந்த தொழில்முறை வீரர்களுக்குத் தன் மனையின் கதவை முதன்முதலாகத் திறந்தது. தொழில்முறை வீரர்களே கூடி அமைத்த அமெரிக்கச் சங்கம் 1934 முதல் 1961 வரை வெள்ளையரல்லாதவரைத் தன் விதிகளால் விலக்கி வைத்தது. அடிபட்டவனும் கதவு கிடைத்தபின் அடுத்தவன் முகத்தில் அதைச் சாத்துவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்த அநியாயத்தின் முழு உருவத்தையும் தென்னாபிரிக்காவின் டேர்பனில் பார்க்கலாம். இந்திய வம்சாவளிக் கெடியான ‘பப்வா’ சேவ்சங்கர் சேவ்கோலம் பீச்வுட் மைதானத்தில் வளர்ந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காததால் மட்டையைத் தலைகீழ்ப் பிடியில், வலது கைக்குக் கீழே இடது கையை வைத்துப் பிடித்தார். உலகம் பிழை என்று சொல்லும் அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். அவரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர், அவருக்கு வேலை கொடுத்திருந்த கிரஹாம் வுல்ஃப் என்ற இரசாயனவியலாளர். ஹொலந்தில் சம்பியனாக நின்றவர் 1963இல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் நிழலில் கழக மனைக்குள் கால் வைக்க இயலாமல் மழையில் வெளியே நின்று கிண்ணத்தை வாங்கினார். 1965இல் உலகப் புகழ் பெற்ற கெரி பிளேயரையே முந்தி அந்தப் பட்டத்தை மறுபடி எடுத்தார். அதன்பின் வெள்ளையரோடு ஆடும் வாசலையே அரசு மூடிவிட்டது. 1978இல் வறுமையில் இறந்தார். மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்வது திறமையை உண்டாக்கும், சீவியத்தை உண்டாக்காது. சீவியத்துக்குக் கதவும் திறக்க வேண்டும் என்ற இரண்டாம் நிபந்தனையை அவர் வாழ்க்கை சொல்கிறது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் தொழில் பிறக்கிறது.

இந்த இரு நிபந்தனைகளையும் கையில் வைத்துக்கொண்டு அம்பாறைக் கரையைப் பார்க்க வேண்டும். மருதமுனை தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை கடலோர மணலுக்குக் குறைவில்லை. காற்றுக்கும் குறைவில்லை. ஆனாலும் இங்கே ஒரு கோல்ப் வீரரும் எழவில்லை. மார்க்கம் தடுத்தது என்பது பதிலாகாது. அலி ஷேரும் சித்திகுரும் முஸ்லிம்கள்தான். பந்தயக் காசு சூதல்லவா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மொறிஸின் காலத்தில் கனவான்கள் தொழிலாளிகள் மேல் பணம் கட்டியது பச்சைச் சூதாட்டம். ஆனால் தொழிலின் வரலாறு அந்த இடத்திலேயே நிற்கவில்லை. பணம் கட்டுபவனின் கையில் இருந்து பரிசு கொடுக்கும் ஏற்பாட்டாளரின் கைக்கு அது படிப்படியாக மாறியது. இன்றைய வீரர் வாங்குவது ஏற்பாட்டாளரும் அனுசரணையாளரும் அறிவித்து வைத்த பரிசை. உண்மையான காரணம் பொருளாதார வரைபடத்தில் இருக்கிறது. இலங்கையில் அன்று கோல்ப் போன இடமெல்லாம் துறைமுக வணிகமும் தேயிலையும் போன இடம். நம் கரையின் செல்வம் நெல். அதன் முதலாளி போடியார். அவர் மாலையில் மட்டை தூக்கும் துரையல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்தப் பக்கத்தின் தண்ணீரையும் குடித்தொகையையும் மாற்றியபோதும் அது விவசாயத் திட்டமாகவே வந்தது. மைதானம் வராத இடத்தில் கெடி இல்லை; கெடி இல்லாத இடத்தில் வீரனும் இல்லை.

இது ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, இதே மாவட்டத்தில் ஒரு சான்று இருக்கிறது. அறுகம்பைக்கு வெளிநாட்டார் அலைச்சறுக்குக்காக வரத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதுவும் நம்மவருக்கு அந்நியமான, செலவு பிடித்த விளையாட்டுதான். ஆனால் அங்கே அலைக்குச் சொந்தக்காரன் யாருமில்லை. கடையில் நின்ற பொடியன், தோணி தள்ளியவரின் மகன், ஹோட்டலில் தட்டெடுத்தவன் எல்லோரும் பலகையில் ஏறிப் பார்க்க முடிந்தது. இன்று பொத்துவில் பகுதி இளைஞர்களில் பலர் அந்தக் கடலில் பயிற்றுவிப்பவர்களாகச் சீவிக்கிறார்கள், போட்டிகளில் ஆடுகிறார்கள். 2018இல் அங்கே பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகமும் தொடங்கியது. சென் அன்ட்ரூஸின் மணலில் நடந்ததும் இதுவே. அங்கேயும் நிலம் ஊராருக்குப் பழக்கமான பொதுவிடம். முயல் வளர்த்து விற்றவர்களிடம் அந்த நிலம் போனபோது ஊரார் வழக்காடினார்கள். 1894இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் பட்டின சபை அதை மீட்டெடுத்தது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊர்சனம் அதில் நடந்து திரியலாம்.

அப்படியானால் கல்முனைக்கு ஒரு கோல்ப் மைதானம் வேண்டும் என்பதுதான் முடிவா? இல்லை. பதினெட்டுக் குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிற, 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எடுத்துக்கொண்டு போனபின் குடியிருக்கக் காணி தேடி அலைந்த ஊர்களுக்கு அந்த நூறு ஏக்கர் வேறு ஆயிரம் காரியத்துக்குத் தேவை. ஸ்கொத்லாந்து மணல்மேட்டுக்கு மழையும் ஆடும் போதுமாயிருந்தது. நம் வெயிலில் அந்தப் புல்லைப் பச்சையாக வைக்கக் குடிக்கிற தண்ணீரைக் கொட்ட வேண்டிவரும். ஆனால் ஆட்டத்தை மறுப்பது ஒன்று, அதன் வரலாறு சொல்லும் பாடத்தை மறுப்பது வேறு. 1999இல் திகனையிலும் 2016இல் அம்பாந்தோட்டையிலும் மைதானங்கள் வந்ததுபோல, உல்லாசப் பயணத்தின் பேரில் ஏதோ ஒன்று நாளை ஒலுவிலுக்கோ பொத்துவிலுக்கோ வரக்கூடும். அப்போது நம்மவர் வழக்கமாகக் கேட்பது எத்தனை பேருக்கு வேலை என்று. மொறிஸ் முதல் சித்திகுர் வரை உள்ள வாழ்க்கைகள் இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கின்றன: வேலை முடிந்த பிறகு அந்த வேலையாளும் அவன் பிள்ளையும் அதே மைதானத்தை, அதே குளத்தை, அதே கரையைத் தொட அனுமதி உண்டா? அந்த அனுமதி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அது முதலாளியின் தாராளமாக இருந்தால் சேவ்கோலத்தின் மழைதான் மிஞ்சும். ஊரின் உரிமையாக இருந்தால் நெசவாளியின் மகனுக்கும் ஒரு தொழில் கிடைக்கும். கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் மாலையில் பந்து துரத்தும் பிள்ளைகளுக்காகப் பிரதேச, மாநகர சபைகள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.